பேரையூரிலிருந்து கோரிப்பாளையம்: மூக்கில் நின்றுபோன செல்களைத் தேடி

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை மலை, அருவி, பழைய கோட்டை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்தப் பதிவு ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு அல்ல. பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்திலிருந்து மதுரைக்கு ஹார்மோன் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. பதினாறு வயதாகியும் பெரியவளாகாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. எம் பேரப் போட்டே எழுது. இனிமே மறைக்க என்ன இருக்கு?" என்றாள்.

அக்கா பெயர் பேச்சி. வயது நாற்பத்து மூன்று. பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அங்குள்ள பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர். நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். திருமங்கலத்தில் குடியிருந்துகொண்டு, கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

போன மாசி மாதம் அக்கா பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். சின்ன வழுக்கல்தான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் படியிறங்கும்போது கணுக்கால். திருமங்கலத்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது எழுபது வயசுக்காரங்க எலும்பு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு மாதவிடாய் நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார்.

அக்கா சிரித்தாள். "நிக்கிறதுக்கு மொதல்ல வரணும்ல சார்?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து மதுரையில் ஒரு பெண் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க, உடனே பாருங்க" என்றார்.

இனி வழி. பேரையூரிலிருந்து மதுரை ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். டி.கல்லுப்பட்டி, திருமங்கலம், கப்பலூர் வழியாகப் போகும் நேரடிப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகும். ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான் டிக்கெட். காலை ஆறு மணி வண்டியைப் பிடித்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். அதற்கடுத்த வண்டி கல்லூரிப் பிள்ளைகளும் மில் ஆட்களுமாக நிரம்பிவிடும். கையில் கட்டுப் போட்டிருந்தால் அந்தக் கை ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி உட்காருங்கள். மடியில் ஒரு சின்னத் தலையணை அவசியம். கல்லுப்பட்டி வரைக்கும் சாலை அப்படி.

நான் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டேன். காலையில் எங்களை வழியனுப்ப அண்ணன் மகள் நந்தினி பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. "அத்தை, வாரப்ப எனக்கு ஒரு கிளிப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். ஒல்லியான உடம்பு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாதிரி. அவளுக்கு வைகாசியில் சடங்கு வைத்திருந்தார்கள். மண்டபம் பேசியாகிவிட்டது. அவள் எப்போது பெரியவளானாள் என்று மதினியிடம் நான் கேட்டபோது, "அதெல்லாம் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டு மதினி அடுப்படிக்குள் போய்விட்டார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியமில்லை.

பஸ் கிளம்பியது. இரண்டு பக்கமும் கரிசல், அறுத்துப் போட்ட சோளத்தட்டை, நடுநடுவே சீமைக்கருவேல். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லாத பாதை இது. அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

அக்காவுக்குப் பதினெட்டு வயதாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா நாட்டு மருந்து கொடுத்தாள், நேர்ச்சை வைத்தாள், ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போனாள். அதற்குள் எனக்குப் பன்னிரண்டு வயதாகி உடம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. சின்னவள் முந்திக்கொண்டால் பெரியவளை ஊர் என்ன சொல்லும்? அந்தப் பயத்தில் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பெரியவளாகிவிட்டாள் என்று தெருவில் சொல்லிவிட்டாள். மாமா வந்து பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்டினார். அக்கா அதற்குள் உட்கார்ந்திருந்தாள். சடங்கன்று ரவிக்கைக்குள் அம்மா துணியை மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மைக்செட் பாடியது. சோறு போட்டோம். அடுத்த ஆண்டு எனக்கு உண்மையாகவே வந்தபோது, ஒரே வீட்டில் வரிசையாக இரண்டு சடங்கா என்று ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

இருபது வயதில் அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம். அந்த வீட்டில் முதல் மாதம் ஏதோ சாக்குச் சொன்னாள், இரண்டாம் மாதமும் சொன்னாள். மாமியார் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். எங்கோ கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததில், கர்ப்பப்பை வளரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் வளரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் முடியுமுன் டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டார்கள். அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று அவர் சொன்னது ஒருவகையில் உண்மை என்பதால் எங்கள் வீட்டில் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. அம்மா அதே கவலையில் போய்ச் சேர்ந்தாள்.

பெரியார் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்தோம். கோரிப்பாளையத்துக்கு நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். டவுன் பஸ்ஸிலும் போகலாம், பெண்களுக்குச் சாதாரண வண்டியில் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டுப் போட்ட கையோடு அந்த நெரிசல் வேண்டாம். ஆட்டோ ஓட்டியவர் கோரிப்பாளையத்துக்காரர், தர்காவுக்குப் பின்னால் வீடாம். வைகைப் பாலத்தின்மேல் வண்டிகள் நகராமல் நின்றன. கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, சாக்கடை மட்டும் கறுப்பாக ஓடியது. பக்கத்துப் பைக்குகளில் இருந்தவர்கள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "என்னக்கா, ரெண்டு பேரும் மூக்கப் பொத்தாம உக்காந்துருக்கீங்க? எனக்கே கொடலப் பொரட்டுது."

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாது பாய். எங்க வீட்டுல யாருக்கும் மூக்கு வேல செய்யாது" என்றாள் அக்கா.

"அல்லா! அப்ப பிரியாணி வாசம்?"

"சாப்பிடத் தெரியும், மோக்கத் தெரியாது."

அவர் பாலம் முடிகிறவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும்தான். ஊரில் எங்களுக்குப் பட்டப்பெயரே மூக்கில்லாத வீடு. அப்பாவுக்கும் வாசம் தெரியாது. அக்கா சோறு அடிப்பிடிப்பதைப் பானையின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். இதை ஒரு நோய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

டாக்டரின் கிளினிக் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. முதல் முறை பார்க்க அறுநூறு ரூபாய். ஒன்பது மணிக்கு டோக்கன் தருகிறார்கள், எட்டரைக்கே போய்விடுவது நல்லது. உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலும் சர்க்கரை, தைராய்டு ஆட்கள். அதனால் யாரும் உங்களை ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். இதைச் சொல்லக் காரணம், அக்கா அதற்குத்தான் மிகவும் பயந்தாள்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அக்காவை ஸ்கிரீனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு வாசனை தெரியுமா?"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேசை டிராயரிலிருந்து நாலைந்து சின்னப் புட்டிகளை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக அக்காவின் மூக்கருகே பிடித்தார். காப்பித்தூள், கிராம்பு, பெருங்காயம், சோப்பு. அக்கா எல்லாவற்றுக்கும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள். கடைசியாக ஒன்றைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எரியுது டாக்டர்" என்றாள்.

"அது எரியத்தான் செய்யும். எரிச்சல் வேற நரம்பும்மா, வாசனை வேற நரம்பு."

"எனக்கும் வாசம் தெரியாது டாக்டர்" என்றேன் நான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு பீரியட்ஸ்?"

"மாசா மாசம் வருது. ரெண்டு பையன்க இருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே எடுங்க" என்றார்.

ஸ்கேன் சென்டர் நடக்கிற தூரம்தான். எம்.ஆர்.ஐ. ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. அரசு ஆஸ்பத்திரியில் குறைவாகவே முடியும், காப்பீட்டு அட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆனால் நாள் குறித்துத்தான் கூப்பிடுவார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அக்காவின் காதில் கிடந்த தோட்டை நான் கழற்ற வேண்டியிருந்தது, ஒற்றைக் கையால் அவளால் முடியவில்லை. குழாய்க்குள் போகுமுன் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "உள்ள என்ன தெரியும்டி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அரை மணி நேரம் சுவரை இடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. வெளியே வந்ததும், "குச்சுக்குள்ள உக்காந்த மாதிரியே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி டாக்டர் முன்னால். அவர் படத்தில் கண்களுக்கு நடுவே கொஞ்சம் மேலே ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே வாசனை நரம்பு வந்து சேர இரண்டு குமிழ்கள் இருக்க வேண்டுமாம். அக்காவுக்கு இரண்டுமே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன். எழுதியதை அவரிடம் ஒருமுறை வாசித்தும் காட்டிவிட்டேன்.

ஒரு பெண்ணைப் பெரியவளாகச் சொல்லி முதலில் உத்தரவு தருவது மூளையின் அடியில் இருக்கும் கொஞ்சம் செல்கள். ஆனால் அவை மூளையில் பிறப்பதில்லை. பிள்ளை வயிற்றில் இரண்டு மாதக் கருவாக இருக்கும்போது மூக்கு உருவாகும் இடத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தப் போக்குவரத்தை நடத்துவது செல்லின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஏற்பிகள். வெளியே மற்றச் செல்கள் விடுகிற புரதம் அந்த ஏற்பியில் வந்து ஒட்டும். ஒட்டியதும் சேதி செல்லுக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் நார்கள் ஒரு பக்கம் நீளும், செல் அந்தப் பக்கம் நீண்டு பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். மறுபடியும் நீளும். எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது, எப்போது வளர்வது எல்லாம் இந்த ஏற்பிகள் வாங்கிக் கொடுக்கிற சேதிதான். ஏற்பியின் அமைப்பில் ஒரு சின்னப் பிழை இருந்தால் சேதி உள்ளே போகாது. எங்கள் குடும்பத்தில் பழுதான ஏற்பி, வாசனைக் குமிழ் உருவாவதற்கே வேண்டிய ஒன்று. குமிழ் இல்லையென்றால் நரம்பு மூளையைத் தொடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு வந்த செல்கள் மூளைக்கு வெளியே, மூக்குக்கு மேலேயே நின்றுவிடும். பிறகு எத்தனை வயதானாலும் அவை உள்ளே போவதில்லை. (எந்த ஏற்பி என்பது ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 என்று பெயர். அந்தப் பரிசோதனைக்கு இருபதாயிரம் வரை ஆகும். ஆனால் மருந்து தொடங்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.)

எனக்கும் அதே பிழைதான். ஆனால் என்னுடைய செல்கள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டன. ஏன் அக்காவுக்கு மட்டும் இப்படி என்று கேட்டேன். "ஒரே கோளாறு ஒரே வீட்டுல ஒருத்தர இலேசாத் தொடும், இன்னொருத்தர அமுக்கிப் போட்டுரும். காரணம் முழுசா எங்களுக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்ப எனக்குக் கர்ப்பப்பை?"

"இருக்கு. முட்டைப்பையும் இருக்கு. ஒண்ணும் கெட்டுப் போகல. வளருன்னு சொல்ல வேண்டிய ஆளு வந்து சேரல, அவ்வளவுதான்."

"அப்ப நான் மலடி இல்ல."

"இல்லம்மா."

"இருவது வயசுல ஒங்ககிட்ட வந்துருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மழுப்பவில்லை. "மாத்திரைல வயசுக்கு வந்துருப்பீங்க. ஊசி போட்டுப் பிள்ளையும் பெத்திருக்கலாம். நெறையப் பேரு பெத்திருக்காங்க."

"இப்ப?"

"இப்ப பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம். நம்பிக்கை குடுத்து ஏமாத்த மாட்டேன். ஆனா எலும்பக் காப்பாத்தணும். அதுக்கும் வயசுக்கு வரவைக்கிற அதே ஹார்மோன்தான் வேணும். இன்னைக்கே ஆரம்பிப்போம்."

அக்கா எழுந்து கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். படியிறங்கினோம். மருந்துக்கடை வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிரே சிக்னலில் நின்ற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையே பஸ் ஏறினோம். கப்பலூர் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நந்தினிக்கு வாசம் தெரியுமாடி?"

நான் திருமங்கலத்தில் இறங்கவில்லை. அவளோடு ஊர் வரைக்கும் போனேன்.

நாங்கள் போனபோது அண்ணன் குமரேசன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி பரிமாறிக்கொண்டிருந்தார். நந்தினி டியூஷனிலிருந்து வரவில்லை. அக்கா செருப்பைக் கழற்றியதும் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, ஒனக்கு வாசம் தெரியுமா?"

"என்னாத்துக்கு இப்ப?"

"சொல்லுண்ணே."

"தெரியாதுன்னுதான் ஊருக்கே தெரியுமே. கை என்னாச்சு, அதச் சொல்லு."

அக்கா சொன்னாள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் அவள் பாஷையில் சொன்னாள். கடைசியில், "நந்தினியக் கூட்டிட்டுப் போயிப் பாப்பம்ணே. சடங்கு வேணாம்" என்றாள்.

அண்ணன் கையைத் தட்டிலேயே கழுவினார். "ஒன் தலையெழுத்த எம் மக தலையில எழுதப் பாக்குறியா?"

"எழுதுனது நானில்லண்ணே. அப்பா வழில வந்துருக்கு. ஒன் மேலயும் இருக்கு."

"மண்டபம் பேசியாச்சு. அவ மாமங்காரன் சீருக்குச் சொல்லியாச்சு. இப்ப போயி எம் மக பெரியவளாகலன்னு நானே தண்டோரா போடவா? எவன் கட்டுவான்?"

"எனக்கும் இப்படித்தானண்ணே சொல்லிக் கட்டி வச்சாங்க. நான் எங்க இருக்கேன், பாத்தியா?"

அண்ணன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி தட்டை எடுக்காமல் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"போன வருசம் சிலிண்டரு கசிஞ்சப்ப," என்று மெதுவாக ஆரம்பித்தார் மதினி, "நான் வாசல்ல இருந்து ஓடியாந்தேன். அவ அடுப்படியிலயே உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தா. என்னம்மா ஏன் கத்துறன்னு கேட்டா." கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு அக்காவிடம், "சடங்கு நடக்கட்டும் பேச்சி. ஒங்கண்ணன எதுத்து என்னால நிப்பாட்ட முடியாது. முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வாரேன். சத்தியம்" என்றார்.

சடங்கு நடந்தது. நானும் போயிருந்தேன். வாசலில் நந்தினியின் பெரிய ஃப்ளெக்ஸ். மேடையில் அவளுக்குப் பார்லர் மேக்கப், பட்டுப்புடவை. ரவிக்கையை யார் தைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய மாமா வீட்டுச் சீர்த்தட்டுகள் மேளத்தோடு உள்ளே வந்தன. பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறிச் சந்தனம் தடவினார்கள். அக்காவும் எழுந்தாள். மதினியின் பெரியம்மா அவள் தோளைத் தொட்டு, "நீ உக்காரு ஆத்தா, கை வலிக்கப் போகுது" என்றார். கட்டுப் பிரித்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டிருந்தது. அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையிலிருந்து நந்தினி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் இரண்டு முறை, "இங்க பாரும்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதம், அண்ணன் வேலையாகத் திருப்பூர் போயிருந்த நாளில், அதே ஆறு மணி பஸ்ஸில் நாங்கள் நான்கு பேரும் போனோம். பதின்வயதுப் பிள்ளையோடு போனால் பள்ளி விடுமுறை நாளாகப் பாருங்கள். லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிடும்.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மதினி பழக்கதோஷத்தில், "ஆயிட்டா டாக்டர், வைகாசியிலதான் சடங்கு வச்சோம்" என்றார்.

நந்தினி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "அம்மா, டாக்டர்ட்டயாவது பொய் சொல்லாதம்மா."

டாக்டர் எழுந்து வந்து நந்தினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிராயரைத் திறந்து காப்பித்தூள் புட்டியை எடுத்தார். நந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கும் அதுதான்.

இப்போது நந்தினி மாத்திரை சாப்பிடுகிறாள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். அவசரப்பட்டால் உயரம் நின்றுவிடும் என்றார் டாக்டர். திரும்பி வந்ததும் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றுவரை அவர் என்னிடம் பேசவில்லை. அக்காவை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். ஆனால் மகளின் மாத்திரை டப்பாவை அண்ணன் தூக்கி எறியவில்லை. அது டி.வி.க்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம், நந்தினி சொன்னாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெண்ணுக்குப் பதினைந்து முடிந்தும் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். பையன்களுக்கும் இது உண்டு. குரல் உடையாமல், மீசை அரும்பாமல் இருந்தால் கேலி பேசிக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். வாசனை தெரியுமா என்று வீட்டிலேயே கேளுங்கள். பிறவியிலேயே தெரியாத பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாசனை தெரிந்தும் பெரியவளாகாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு, அதற்கும் இதே டாக்டர்தான். முன்பு எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டுபோங்கள். முக்கியமாக, உள்ளே போனதும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் முடிகிற வேலைதான். கடைசிப் பேருந்துக்கு முன்பே ஊர் திரும்பிவிடலாம்.

இந்தப் பதிவை இதோடு முடித்திருப்பேன். போன வாரம் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"வந்துருச்சுடி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆறேழு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, கூடவே இன்னொரு மாத்திரை சேர்த்தால் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான் லோடு ஆட்களை விட்டுத் தள்ளி, அட்டைப்பெட்டி அடுக்கின் பின்னால் போய் நின்றேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இடுப்பு வலிக்கிறது என்றாள். கடையில் நாப்கின் வாங்கியிருக்கிறாளாம், எந்தப் பக்கம் ஒட்டுவது என்று தெரியவில்லையாம். நாற்பத்து மூன்று வயது அக்காவுக்கு நான் போனில் சொல்லிக்கொடுத்தேன். இருடி என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள்.

"இம்புட்டுத்தானாடி?"

"என்னக்கா?"

"இல்ல... இதுக்காகவா அம்புட்டும்? இம்புட்டுத்தானா?"